பூதம் வேண்டாம், கையெழுத்து போதும்: மனிதர்களை வைத்தே பிரபஞ்சத் திகில் எழுதுவது எப்படி

திகில் கதை எழுதுகிறவர்கள் பலர் இப்போது பேயை விட்டுவிட்டு பிரபஞ்சத் திகில் பக்கம் வந்திருக்கிறார்கள். நல்லதுதான், புளியமரமும் வெள்ளைப் புடவையும் ரொம்பவே களைத்துப் போயிருந்தன. ஆனால் வந்த வேகத்தில் வங்காள விரிகுடாவுக்கு அடியில் ஒரு பெரிய ஜந்துவைப் படுக்கவைத்து, வாயில் நுழையாத ஒரு பெயரையும் சூட்டி, அமாவாசை ராத்திரியில் மெரினாவில் எழுப்பிவிடுகிறார்கள். மெரினாவில் அப்படி ஒன்று எழுந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? சுண்டல் விற்கிறவர் உட்பட எல்லோரும் போனை எடுத்து வீடியோ பிடிப்பார்கள், டிவியில் நாலு பேர் உட்கார்ந்து விவாதிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிப்போகும்.

இந்த வகையை 1920களில் அமெரிக்காவில் எழுதி நிலைநிறுத்திய லவ்கிராஃப்ட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஜந்துவை இல்லை. நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஏதோ ஒன்று நமக்கு முன்பும் இருந்தது, நமக்குப் பின்பும் இருக்கும், அதை ஒரு தடவை அறிந்துவிட்டால் பழையபடி காபி குடித்துக்கொண்டு பேப்பர் படிக்க முடியாது. கதையின் உயிர் இதில் இருக்கிறது, ஜந்து வெறும் வேஷம். வேஷத்தைக் கழற்றிவிட்டு அதே பிரம்மாண்டத்தையும் அதே அலட்சியத்தையும் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்வதிலிருந்தே எடுக்கலாம். எப்படி என்று சொல்கிறேன். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சரக்குத் தட்டுப்பாடே வராது.

ஒரு வில்லன் போதாது

சைக்கோ கொலைகாரன், ரவுடி, லஞ்சம் வாங்குகிற மந்திரி, இவர்களை வைத்து நல்ல த்ரில்லர் எழுதலாம். ஆனால் ஆளைப் பிடித்துவிட்டால் கதை முடிந்துவிடும், வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். நமக்கு வேண்டியது பிடிக்க ஆளே அகப்படாத ஒரு கொடுமை. நாயகனின் தாத்தா பிறப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்து, அவன் செத்த பிறகும் ஓடப்போகிற ஒன்று.

பறக்கும் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் போகும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் கறுப்பாக ஒரு கால்வாய் வழியில் கூடவே வரும், பல இடங்களில் ரயிலின் தூண்களே அதற்குள்தான் நிற்கின்றன. பக்கிங்காம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குச் சும்மா சோறு போட்டால் கெட்டுப்போவார்கள், உடம்பில் தெம்பு இருக்கிறவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டுதான் போட வேண்டும் என்பது அன்றைய அரசாங்கத்தின் எண்ணம். சரி, எவ்வளவு போடுவது? வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877 தொடக்கத்தில் வந்து, மண் வெட்டிச் சுமக்கிற ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது உயிர் தரிக்கவே போதாது என்று எழுதினார். அந்தப் பக்கமிருந்து மறுப்பு வந்தது, இந்தப் பக்கமிருந்து அதற்கு மறுப்பு போனது. மனித உடம்பு 450 கிராமில் எத்தனை நாள் ஓடும் என்று இரண்டு பக்கமும் நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டும் இருந்தது.

இதை வைத்துச் சரித்திரக் கதை எழுதாதீர்கள், எழுதினால் வாசகர் "வெள்ளைக்காரன் காலம், அப்படித்தான் இருந்திருக்கும்" என்று தப்பித்துக்கொள்வார். இன்றைக்குக் கொண்டுவாருங்கள். கட்டடத் தொழிலாளர் முகாம்களுக்குச் சாப்பாடு சப்ளை செய்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் கணக்கு பார்க்கிற பையன், தினமும் பறக்கும் ரயிலில் வருகிறவன். அவனிடம் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கிறது, தலைக்கு இத்தனை கிராம் என்று. யார் போட்ட ஷீட் என்று யாருக்கும் தெரியாது, முன்பு இருந்தவர் கொடுத்துவிட்டுப் போனது, அவருக்கும் முன்பு இருந்தவர் கொடுத்தது. அதில் வருகிற எண் 450. அவனுக்கு அது வெறும் எண். எங்கே, எப்போது அது வெறும் எண்ணாக இல்லாமல் போகிறது என்பது உங்கள் கதை.

"கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று சொன்னது யார்?

இதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்த புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, மனசு திடமாக இருக்கும்போது தேடிப் பாருங்கள். எலும்பும் தோலுமான குடும்பங்கள் குழுவாக, ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். முன்னால் குழந்தைகள், பின்னால் பெரியவர்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் வேறு இருக்க வேண்டும். அப்படியென்றால் யாரோ ஒருவர் அவர்களை அப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார். உட்கார முடியாதவரைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறார். "கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று தமிழிலோ தெலுங்கிலோ ஒரு குரல் சொல்லியிருக்கும், அது ஹூப்பரின் குரலாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

இந்த மாதிரிக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கொடுமை எவ்வளவு பெரியதாகவும் இருக்கட்டும், அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மனிதர் நிற்க வேண்டும், அவர் "மாட்டேன்" என்று சொல்ல ஒரு நொடி இருந்திருக்க வேண்டும். "சிஸ்டம் அப்படி", "சமூகம் அப்படி" என்று எழுதிவிட்டால் ஜந்துவைத் துரத்திவிட்டு இன்னொரு ஜந்துவைக் கூட்டிவந்த மாதிரி. அதற்கும் முகம் கிடையாது, அதையும் யாரும் கேள்வி கேட்க முடியாது. மூட்டுகளை எழுதுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது, அது அசோசியேஷன் செயலாளருக்கும் தெரியும், அதனால் அவர் ஆளை இறக்கச் சொல்வதே இல்லை. "எப்படியாவது ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்று மட்டும்தான் கான்ட்ராக்டரிடம் சொல்கிறார். கான்ட்ராக்டர் மேஸ்திரியிடம் "மெஷின் வர லேட்டாகும் போல, பாத்துக்க" என்கிறார். மேஸ்திரி கயிறு கொண்டுவருகிறார். வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து நாற்றத்தைப் பற்றிப் புகார், நடுநடுவே தாமரைப்பூ போட்ட குட் மார்னிங். இரண்டு பேர் இறங்குகிறார்கள், மேலே வரவில்லை. இதில் யாருமே கெட்டவர் இல்லை, தனித்தனியாகப் பேசிப் பாருங்கள், எல்லோரும் தங்கமான மனுஷர்கள்.

இதுவரை எழுதினால் அது செய்திக் கட்டுரை. திகில் இதற்கப்புறம் வர வேண்டும். மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடக்கிறது, வாட்ச்மேன் அதை எடுத்து லிஃப்ட் பக்கத்து மேஜையில் வைக்கிறார், யாரோ போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு "யாருடையது? தயவுசெய்து எடுத்துச் செல்லவும்" என்கிறார்கள், அதற்கு மூன்று பேர் கும்பிடு போடுகிறார்கள். இப்படிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறினால் பயந்தாவது நிறுத்துவார்கள் என்று நாம் நினைப்போம். நம் கதையில் பொருளாளர் ரிட்டயர்டு வங்கி அதிகாரி, கணக்கில் கெட்டி. அடுத்த மாதம் மெயின்டனன்ஸ் பில்லில் ஒரு புது வரி வருகிறது: "தற்செயல் நிதி, சதுர அடிக்கு 20 பைசா." யாரும் எதற்கென்று கேட்கவில்லை, ஒருத்தர் மட்டும் ஜி.எஸ்.டி. உண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு வரியில் வருங்காலத்தில் சாகப்போகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடலுக்கடியில் தூங்குகிற எந்த ஜந்துவும் இந்தப் பில்லுக்குப் பக்கத்தில் வர முடியாது.

பேய் இருக்கிறதோ என்று நினைக்க விடுங்கள்

அமானுஷ்யத்தை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை, தூண்டிலாக வைத்துக்கொள்ளலாம். பாதிக் கதை வரை வாசகர் "இது மனுஷக் காரியம் இல்லையே" என்று நினைக்கட்டும். அப்புறம் மனுஷக் காரியம்தான் என்று காட்டுங்கள், அந்த விளக்கம் பேயை விட மோசமாக இருக்க வேண்டும். இருந்தால் கதை நிற்கும். "எல்லாம் அவன் கனவு", "எல்லாம் போதை மருந்து" மாதிரி விளக்கமெல்லாம் வாசகரை ஏமாற்றுவது.

நான் யோசித்து வைத்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். தென்சென்னைப் புறநகரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தர் கடை. அங்கே டைப் அடிக்கிற பெண் வங்கிக் கடனுக்காகத் தாய்ப் பத்திரங்களைப் புரட்டுகிறாள். 1961 பத்திரத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் வளைந்து வந்து முதலெழுத்தைத் தொடும். 1984 பத்திரத்திலும் அதே வால். 2009இலும். அப்புறம் கைரேகைகள். நிலத்தை விற்றதாகச் சொல்லப்படும் நாற்பது குடும்பங்கள், நாற்பது பெயர்கள், ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒரே இடது கட்டை விரல், நடுவில் குறுக்கே ஒரே தழும்பு. ஐம்பது வருஷமாக அந்த விரலுக்கு வயதே ஆகவில்லை. இந்த இடத்தில் வாசகர் கண்டிப்பாகப் பூதத்தைத்தான் நினைப்பார், நினைக்கட்டும், கொஞ்ச தூரம் கூடவே போங்கள்.

விளக்கம் இதுதான்: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குச் சாட்சி போடுவது குடும்பத் தொழில். அவருடைய அப்பா பத்து வயதில் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துச் சிலேட்டில் அந்தக் கையெழுத்தைப் பழக்கியிருக்கிறார், வால் சரியாக வராவிட்டால் விரல் முட்டியில் அடி. கட்டை விரல்? அது ரப்பர். எப்போதோ செத்துப்போன ஒரு கூலி ஆளின் ரேகையை அச்செடுத்து ஒரு குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறார்கள், வீட்டில் பூஜை அறையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பூவும் வைக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று அவள் கேட்கிறாள். பெரியவர் யோசித்துப் பார்த்துவிட்டு, உண்மையாகவே ஞாபகமில்லை என்கிறார். அவள் கடன் போட்டு வாங்கிய ஃப்ளாட்டும் அந்த மனையில்தான் இருக்கிறது, டிசம்பரில் முட்டியளவு தண்ணீர் நிற்கிற தெரு. ஒரு நாள் பெரியவருக்கு உடம்பு சரியில்லை, பேரன் துபாயில். பார்ட்டிகள் வந்து காத்திருக்கிறார்கள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ போட்டுடும்மா" என்கிறார் எழுத்தர். போடுகிறாள். வால் முதல் தடவையிலேயே சரியாக வளைகிறது.

கவனித்தால், பூதம் போன பிறகும் அளவு சுருங்கவில்லை. ஒரு ஊரே அந்த ரப்பர் விரலின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, விளக்கம் வந்ததும் கதை சின்னதாகிவிடக் கூடாது.

இங்கே நம் நாட்டார் தெய்வங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காத்தவராயனைக் கழுவேற்றினார்கள், மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள், அப்புறம் கும்பிட்டார்கள். அநியாயமாகச் செத்தவர் சும்மா விடமாட்டார் என்ற பயம் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது, அந்தப் பயமே ஒரு மாதிரி ஒப்புதல் வாக்குமூலம். நகரத்துக் கொடுமையில் அந்தப் பயம்கூட இல்லை. யாரும் படையல் போடுவதில்லை, ஏனென்றால் யாரையும் கொன்றதாகவே யாருக்கும் நினைப்பில்லை. பிரபஞ்சத்தின் அலட்சியம் என்று புத்தகங்களில் சொல்வதற்கு நம் ஊர் உருவம் இதுதான் என்பது என் கட்சி.

நடை

"சொல்லொணாத", "அமானுஷ்யமான", "முதுகுத்தண்டு சில்லிட்டது", இவற்றை ஒரு கதைக்கு மட்டும் நிறுத்தி வைத்துப் பாருங்கள். அதற்குப் பதில் அரசாங்கத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் பயமுறுத்தும் நடை என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது செய்தவர் யார் என்றே சொல்லாமல் நடக்கும்: "பார்வை 2இல் காணும் மனுவின் மீது தல விசாரணை மேற்கொள்ளப்பட்டதில், மனுவில் குறிப்பிட்டுள்ளவாறு ஏரி ஏதும் அவ்விடத்தில் இல்லை எனத் தெரிய வருகிறது. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது." யார் விசாரித்தது, யாருக்குத் தெரியவந்தது, எதுவும் கிடையாது. தி.நகர் 1920களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உருவான பேட்டை, மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் கிடையாது. அந்த ரோட்டிலிருந்து ஒருவர் மனு போட்டு இப்படி ஒரு பதில் வாங்குகிறார் என்று ஆரம்பித்தாலே கதை ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த நடை காதில் விழ வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எதையாவது கேட்டு மனு போடுங்கள், 10 ரூபாய்தான், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, உங்களுக்கு வேண்டியது நடைதானே. பழைய கடிதங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம்.

நேரமும் இடமும்: ராத்திரியை விடுங்கள். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, தாலுகா ஆபீஸ் வராண்டா, ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, அதே சதுப்பில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் போதும், மூடுபனியெல்லாம் தேவைப்படாது.

யாரைப் பூதமாக்கக் கூடாது

லவ்கிராஃப்ட்டிடம் இருந்த பெரிய அசிங்கம் இனவெறி. குடியேறி வந்தவர்கள் மேல் அவருக்கிருந்த வெறுப்பு கதைகளிலேயே வழிந்தது, துறைமுகச் சேரிகளில் மந்திரம் ஓதுகிறவர்களாக அவர்கள் வருவார்கள். சென்னையில் எழுதும்போது இந்தச் சறுக்கல் ரொம்பச் சுலபம். மர்மக் கும்பல் என்றால் உடனே குப்பத்திலோ, குடிசைகளை அகற்றி ஜனங்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரிலோ வைப்பது, வடமாநிலத் தொழிலாளிகளைப் புரியாத பாஷை பேசுகிற கூட்டமாகக் காட்டுவது, சிறு தெய்வப் பூசாரியைப் பலி கேட்கிறவராக்குவது. வேண்டாம். கொடுமையின் முகவரி பெரும்பாலும் வாசகர் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும், அங்கேயே வையுங்கள், பயமும் அதிகம்.

உண்மைச் சம்பவத்தை எடுத்தால் செத்தவர்களைக் கதாபாத்திரமாக்காதீர்கள், அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி இடிந்து 61 பேர் இறந்தார்கள். அந்த 61 பேரில் ஒருவரின் மனசுக்குள் புகுந்து எழுத நமக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே அதன் இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் வரை நின்றுகொண்டிருந்தது, அப்புறம் வெடிவைத்துச் சில நொடிகளில் தகர்த்தார்கள். நடுவில் இருந்த அந்த இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர் யாரோ, அவரைக் கற்பனை செய்து எழுதுங்கள்.

முடிவைப் பொறுத்தவரை, தண்டனை கொடுக்காதீர்கள், வெள்ளத்தில் எல்லோரும் அடித்துக்கொண்டு போவதுபோல எழுதுகிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நாயகனுக்குப் பைத்தியம் பிடிப்பதும் வேண்டாம், அது ஒரு வகையில் அவனுக்கு விடுதலை. அவனுக்குப் புரோமோஷன் கொடுங்கள். நீளம் 3000 வார்த்தையைத் தாண்டினால் பெரும்பாலும் நீங்கள் விளக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எழுதி முடித்ததும் இலக்கிய நண்பரிடம் காட்டாதீர்கள். ரெவின்யூவிலோ, பத்திரப் பதிவிலோ, கட்டட கான்ட்ராக்டிலோ முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ எல்லார் வீட்டிலும் இருப்பார், அவரிடம் படித்துக் காட்டுங்கள். "ஐயோ, இப்படியெல்லாமா நடக்கும்" என்றால் எங்கேயோ மிகைப்படுத்திவிட்டீர்கள், போய்க் குறையுங்கள். "இதுல என்னடா கதை இருக்கு, இப்படித்தான் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு, நீங்கள் தப்பாக எழுதிய படிவத்தின் பெயரைத் திருத்தினால், திருத்தத்தை மட்டும் போட்டுவிட்டு அனுப்பிவிடலாம்.